பன்னிரண்டாவது நடுக்கம்

கீழே போகப் பதினேழு படி. பதினாறாவது படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, மூச்சு அடங்குகிறவரை கால்மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இது சர்க்கார் போட்ட சட்டமில்லை, பூவலிங்கம் தனக்குத் தானே போட்டுக்கொண்டது. மேலேயிருந்து இறங்கிவருகிற மனுஷன் தன் காலோடு எவ்வளவு ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்பது அவனுக்குத் தெரியாது, அந்த உருளைக்குத் தெரியும். உருளை என்றால் ஒரு சாண் அகலமுள்ள அலுமினிய உருளை. அதன்மேல் சுற்றிய வழவழப்பான தாள். தாள்மேல் மண்ணெண்ணெய் விளக்கைக் காட்டி ஏற்றிய புகைக்கரி. கரிமேல் ஓர் ஊசி. உருளை ஆமைபோலச் சுற்றும், ஊசி கரியைச் சுரண்டி வெள்ளையாய்க் கோடு இழுத்துக்கொண்டே போகும், பூமி அசைந்தால் கோடும் அசையும். அவ்வளவுதான் விஷயம். முதுகுப்பாறை அணையைக் கட்டி முடித்துத் தண்ணீர் தேக்கிய மறுவருஷம், இத்தனை தண்ணீர்ப் பாரம் தாங்காமல் மலை முனகுமோ என்று மேலிடத்தில் பயந்துபோய் இந்த மெஷினைக் கொண்டுவந்து பாறைக்குள் குழிதோண்டி வைத்தார்கள். மெஷினுக்கு ஒரு துணை வேண்டுமே என்று பூவலிங்கத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள். மலை முனகத்தான் செய்தது. ஆனால் அந்த முனகல் மெஷின் காதுக்கு மட்டும் கேட்கிற முனகல். ஒரு டம்ளர் தண்ணீர் தளும்பவில்லை, ஒரு சுவர்ப் பல்லி திடுக்கிடவில்லை. வருஷத்துக்கு இருபது, முப்பது என்று வந்துகொண்டிருந்தது பதினாலு வருஷத்தில் தேய்ந்து தேய்ந்து இந்த வருஷம் பதினொன்றில் வந்து நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் கடிதம் வந்தது: வருஷத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் நிலையத்தை மூடி மெஷினை வேறு அணைக்கு மாற்றுவது, அப்சர்வர் பூவலிங்கத்தை மெட்ராஸ் ஆபீஸில் பழைய தாள்கள் கட்டிவைக்கிற அறைக்கு மாற்றுவது. இன்றைக்கு டிசம்பர் முப்பத்தொன்று. எட்டரை மணிக்கு அவர் உருளையிலிருந்து உரிக்கப்போகிற தாள்தான் கணக்கில் சேர்கிற கடைசித் தாள். பத்து மணிக்கு அதை வாங்கிப்போக மேலதிகாரி வில்லவராயர் சார் ஜீப்பில் வருகிறார். ஒன்று, ஒரே ஒன்று. நேற்றுக் காலை எட்டரையிலிருந்து இன்று காலை எட்டரைக்குள் இந்த மலை ஒரு தடவை தோளைக் குலுக்கியிருந்தால் போதும், பூவலிங்கம் இங்கேயே இருப்பார். இல்லையென்றால் மெட்ராஸ். படியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தால் தாள் தெரியும்தான். பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

மணி எட்டு ஐந்து. பாறைச் சுவரில் ஒரு துளி தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது; அது தரைக்கு வர ஒன்பது நிமிஷம் ஆகும், மழைக்காலத்தில் ஏழு. இந்தத் துளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறதே என்று அவருக்குப் பல நாள் சிரிப்பு வந்திருக்கிறது, இன்றைக்கும் வந்தது, வயிற்றுக்குள்ளேயே அடக்கிக்கொண்டார், சிரித்தால் ஊசிக்குத் தெரிந்துவிடும் என்று பயம். தெரியுமா? தெரியாது. ஆனால் தெரியும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். அணையில் வேலைபார்க்கிற என்ஜினீயரிடம், 'ஏன் சார், நீங்க நேத்து ராத்திரி பொஞ்சாதிகூடச் சண்டை போட்டியளோ, பதினொண்ணு பத்துக்குக் கோடு கோணிக்கிட்டே போவுது' என்று கேட்கப்போய், அந்த மனுஷன் முகம் வெளுத்து, ஒரு வாரம் இந்தப் பக்கமே வராமல் இருந்தார். யானை பூவலிங்கத்தின் குடையை வாங்கிக்கொண்டு போனது, மழை விட்டதும் திருப்பிக் கொண்டுவந்து படலில் மாட்டிவிட்டுப் போனது என்று அவர் விட்ட கதையை ஜீப் டிரைவர் மரியசூசை போகிற ஊரெல்லாம் கொண்டுபோய் இறக்கிவிட்டான். அவரைக் கடித்த அட்டைக்கு அவருடைய இரத்தக் கொதிப்பு தொற்றிக்கொண்டு, மறுநாள் தலைசுற்றி வாசற்படியில் கிடந்தது, அதற்கு உப்பில்லாக் கஞ்சி கொடுத்துத் தேற்றினேன் என்பதை மட்டும் யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டாம். ஆனால் நிஜத்தைச் சொன்னாலும் நம்பாமல்போவதுதான் சங்கடம். மரியசூசை மகளுக்கு நிச்சயம் செய்த அன்றைக்கு, இந்த வருஷம் சித்திரையில், கீழே மலையடியில் பந்தலுக்குள் முந்நூறு பேர் உட்கார்ந்து தாம்பாளம் மாற்றிக்கொண்டிருந்தபோது, பதினோரு மணி நாலு நிமிஷத்துக்குச் சரியாக அவர்கள் பாய்க்குக் கீழே பூமி ஒரு தரம் உதறிப் படுத்தது. மறுநாள் தாளில் பார்த்தார், முதல் அலை, ஒன்றரை நொடி கழித்து இரண்டாம் அலை, தூரம் கணக்குப் போட்டால் நேராக அந்தப் பந்தலுக்கடியில் போய் நிற்கிறது. ஓடிப்போய்ச் சொன்னார். 'அண்ணாச்சி, பாயாசத்துக்கு முன்னாடியா பின்னாடியா?' என்று கேட்டான் மரியசூசை. எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். அன்றைக்கு வீடு திரும்பும்போது அவருக்கு என்னமோ நெஞ்சு நிறைந்திருந்தது. முந்நூறு பேர் மடியில் ஒரு நடுக்கம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது, வெற்றிலை மடக்குகிறவர் கைகூடத் தப்பவில்லை, அதைப் பார்த்தது இந்த உலகத்தில் தான் ஒருத்தன்தான் என்பது எவ்வளவு பெரிய சொத்து. கலியாணம் ஆகி அந்தப் பெண்ணுக்கு இப்போது மாசம் ஐந்து. அந்தப் பிள்ளை பிறந்ததும் போய்ச் சொல்ல வேண்டும், உன் அம்மை நிச்சயத்துக்குப் பூமியே தலையாட்டியதுடா என்று. மெட்ராஸிலிருந்து எப்படிப் போய்ச் சொல்ல?

மெட்ராஸ் என்றதும் பெண்டாட்டி ஆவுடைத்தாய் ஞாபகம் வந்தாள், வராமல் என்ன செய்வாள். கடிதத்தை அவர் வாசித்துக் காட்டியபோது சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. 'நல்லதாப் போச்சு. அட்டைக்கடியில இருந்து இப்பமாவது விமோசனம் வந்துதே' என்றாள். இந்த இடத்தை அவள் ஏசாத நாள் கிடையாது. கடலோரத்து உடன்குடிக்காரி, செம்மணல் தேரியில் வெயிலில் வளர்ந்த உடம்பு. இங்கே வந்த முதல் நாளே துவைத்த சேலை காயவில்லை, மூன்றாம் நாளும் காயவில்லை, நாலாம் நாள் அதில் காளான் முளைத்தது. 'இது மனுசன் இருக்குத எடமா? ஒரு கோயில் உண்டா, ஒரு கொட்டகை உண்டா, பேச்சுக்கு ஒரு பொம்பள உண்டா?' பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோண்டினால் அவரை ஏசுவாள். மூடுபனி வந்து கோலப்பொடி நனைந்தால் அவரை ஏசுவாள். ஈரம் ஏறி வலது முட்டி பிடித்துக்கொண்டால் அதற்கும் அவரைத்தான் ஏசுவாள். பெரம்பூரில் இருக்கிற அவள் தங்கச்சி வீட்டில் மூன்று பக்கம் ஜன்னல் உண்டாம், மார்க்கெட் கூப்பிடு தூரமாம், பால்காரன் மாடி ஏறி வந்து ஊற்றுவானாம். அதெல்லாம் தங்கச்சி எழுதிய கடிதத்தில் இருக்கிறது, கடிதத்தை அவள் அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள், ஈரம் ஏறாமல் இருக்க. பதினாலு வருஷம் ஒரு பெண்பிள்ளையை மலைமேல் ஈரத்தில் வைத்திருந்துவிட்டோம் என்று பூவலிங்கத்துக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. வழுக்குப் பாறைமேல் கால் வைக்கிறமாதிரி அந்த நினைப்பில் காலை வைப்பார், உடனே எடுத்துவிடுவார். மரியசூசை ஒரு யோசனை சொன்னான். 'அண்ணாச்சி, சர்வீஸ்தான் இருவது வருசம் தாண்டியாச்சே. எழுதிக் குடுத்துட்டு வெளிய வாங்க. மலையடியில எங்க மாமன் வீடு பூட்டிக் கெடக்கு, ஓட்டு வீடு, பின்னால ஓடை, ஒங்களுக்கு ஒரு பஞ்சாயத்துச் சபையே வச்சுத் தாரேன், கத சொல்லிக்கிட்டுக் கெடங்க.' அதைக் கேட்டபோது அவருக்கு வாயில் எச்சில் ஊறியது உண்மை. ஆனால் ஆவுடையிடம் சொல்லவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்ல? மூன்று பக்கம் ஜன்னலை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறவளிடம், மலையை விட்டு இறங்கி மலையடிக்கே போவோம் என்றா? அதனால் இந்த மூன்று வாரமாக அவர் ஒரு பக்கம் பூமியைக் கும்பிட்டுக்கொண்டும், இன்னொரு பக்கம் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தார். தான் கேட்கிற வரம் பலித்தால் அவளுக்கு அது சாபம். பெண்டாட்டிக்குத் தெரியாமல் சாமியிடம் லஞ்சம் பேசுகிற மாதிரி இருந்தது.

துளி பாதிச் சுவர் வந்துவிட்டது. பழைய தாள் கட்டிவைக்கிற அறையை அவர் பார்த்திருக்கிறார், ஒரு தடவை பயிற்சிக்குப் போனபோது. ரயில்வே லைனுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில், டியூப்லைட்டுக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து தாள்களை நாடாவால் கட்டி எண் போட்டுக்கொண்டிருந்தார். ரயில் போகும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட் நடந்துபோய் விளிம்பில் நிற்கும், அவர் பார்க்காமலே கையை நீட்டி அதை இழுத்து வைத்துக்கொள்வார். பத்து நிமிஷத்துக்கு ஒரு ரயில். 'பழகிரும் சார்' என்றார் அந்த மனிதர். அதுதான் பூவலிங்கத்துக்குப் பயம், பழகிவிடும் என்பது. பஸ்ஸும் லாரியும் ரயிலும் எந்நேரமும் தடதடவென்று அடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் பூமி வாயைத் திறந்து ஏதாவது சொன்னாலும் யார் காதில் விழும். இங்கே அப்படியா? ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குக் காற்று முறுகினால் ஐம்பது மைலுக்கு அப்பால் கடல் கரையில் அறைகிற அறை இந்தத் தாளில் மெல்லிசாய், மழைநாளில் குளத்து மேற்பரப்பு சிலிர்க்கிறதுபோல், நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் அதைப் பார்த்துவிட்டு மெஷினில் கோளாறு என்று நினைத்து எழுதிப் போட்டார். வில்லவராயர் சார்தான், அப்போது அவர் இளவட்டம், சிரித்துக்கொண்டு பதில் போட்டார்: அது கோளாறில்லை, கடல். அன்றைக்கு ஓடிப்போய் ஆவுடையைக் கூப்பிட்டு, 'ஏட்டி, ஒங்க ஊர்க் கடல் வந்திருக்கு, வந்து பாரு' என்றார். 'கடலும் வேண்டாம், அந்தப் பாம்புப் பொந்துக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்' என்றாள். பதினாலு வருஷமாக முள்வேலியைத் தாண்டி அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள், அமைச்சர் ஒருவர்கூட வந்தார். வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற ஒரே காரியம், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஒரு குதி குதித்து, ஊசி துள்ளுகிறதைப் பார்த்துக் கைதட்டுவது. அமைச்சரும் குதித்தார், செருப்பைக் கழற்றிவிட்டு. அந்த மாதிரிக் குதிகளை எல்லாம் தாளில் வட்டம் போட்டு 'மனித அசைவு' என்று எழுதித் தள்ளிவிட வேண்டும். மனுஷன் குதித்தால் கோடு ஒரே அடியாய்ப் புடைத்து அடங்கும், முதல் அலை இரண்டாம் அலை என்ற பிரிவே இருக்காது, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். யானை நடந்தால் பஞ்சு உருட்டியதுபோல் இருக்கும், கனத்த பிராணிதான், ஆனால் பாதம் மெத்தை. மரியசூசை நடந்தால் சுவரில் ஆணி அடித்ததுபோல் ஒன்று விட்டு ஒன்று அழுத்தமாய் விழும், இடது காலை ஊன்றி வலது காலை இழுக்கிறவன்.

அங்கேதான் அந்த நினைப்பு வந்து முள்ளில் மாட்டிய வேட்டிபோல் நின்றது. மூன்று வாரமாகவே அது பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பூமி எப்படிக் குலுங்கும் என்று அவருக்குத் தெரியும். முதலில் லேசாக ஒன்று, ஒன்றரை நொடி விட்டு, பலமாக ஒன்று, அப்புறம் தேய்கிற மாதிரி நாலைந்து. முள்வேலிக்குப் பக்கத்தில் மண்ணில் நின்று இந்தத் தாளத்தில் குதித்தால் வில்லவராயர் என்ன, வில்லவராயரைப் படிக்கவைத்த வாத்தியாரே வந்தாலும் பூகம்பம் என்று கையெழுத்துப் போடுவார். மணி எட்டு இருபது. பத்து நிமிஷம் இருந்தது. பூவலிங்கம் எழுந்தார், செருப்பைப் போடாமலே பதினாறு படியும் ஏறி மேலே வந்தார். வெயில் பாறை இடுக்கில் மஞ்சளாய் நின்றது. அணைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது, நடுவில் ஒரு நீர்க்காகம் மட்டும் கழுத்தை நீட்டி இவரைப் பார்த்தது. வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஐம்பத்திரண்டு வயசில் ஒருத்தன் அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு காலங்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக் குதிக்கப்போகிறான் என்று நினைத்தபோது அவருக்கே கூச்சமாக இருந்தது. நீர்க்காகத்தைப் பார்த்து, 'என்னவே பாக்கீரு?' என்றார். அது தலையைத் திருப்பிக்கொண்டது. லேசாக ஒன்று, ஒன்றரை நொடி, பலமாக ஒன்று. குதிகாலை உயர்த்தினார். வாயால் எத்தனையோ சொல்லியாயிற்று. யானைக் குடை, அட்டைக்குக் கஞ்சி, என்ஜினீயர் வீட்டுச் சண்டை, வாயைத் திறந்தால் பொய் என்று பெண்டாட்டியே தங்கச்சிக்கு எழுதியிருக்கிறாள். ஆனால் அந்தக் கரித்தாளில் ஒரு நாள், ஒரு கோடு, கூடக்குறைய எழுதியதில்லை. தும்மினால்கூட 'பதிவர் தும்மல்' என்று எழுதியிருக்கிறார், அதைப் படித்து மெட்ராஸில் ஒரு வாரம் சிரித்தார்களாம். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. யாருமே பார்க்காத ஒன்றைத் தான் ஒருத்தன் பார்க்கிறபோது அங்கே கதை விட்டால், அப்புறம் அது நடந்ததாகவே ஆகாதே என்பது மாதிரி ஒன்று. எல்லாரும் சிரித்த அன்றைக்கு அவருக்குப் பயமில்லாமல் இருந்ததே, எதனால்? தாள் இருக்கிறது, அது பொய் சொல்லாது என்பதால்தானே? இப்போது குதித்தால் இந்த ஒரு குதி மட்டுமா பொய்? அந்தப் பதினோரு மணி நாலு நிமிஷமும் கூடவே பொய்யாகிவிடும், கடல் வந்தது பொய்யாகிவிடும். சரி, ஒரே ஒரு பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம், அணை உடையப்போகிறதா? உடையாது. குதிக்காவிட்டால் பெரம்பூர், மூன்று பக்கம் ஜன்னல், பேப்பர்வெயிட் நடந்து வரும். குதித்தால் ஆவுடை இன்னும் ஆறு வருஷம் ஈரச்சேலை. குதிகால் நோக ஆரம்பித்தது, இறக்கினார். திரும்ப உயர்த்தினார். லேசாக முதலில். லேசாக என்றால் எவ்வளவு லேசாக? இந்தப் பாறைக்குக் கீழே இன்னொரு பாறை, அதற்குக் கீழே இன்னொன்று, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, கூட்டுக் குடும்பத்தில் படுத்திருக்கிறவர்கள்போல, ஒருத்தன் புரண்டால் மற்றவன் கொஞ்சம் இடம் விட்டுக் கொடுப்பான், அதுதான் அந்தச் சின்ன நடுக்கம், சண்டை வராமல் இருக்கிறதே அதனால்தான். பெரிய பூகம்பம் வருகிற ஊரிலெல்லாம் பாறைகள் ரொம்ப நாள் பேசாமல் இருந்து மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் போல... கீழே கடிகாரத்தின் மணி 'டிங்' என்றது. எட்டரை. யோசித்துக்கொண்டே நின்றதில் நேரம் முடிந்துவிட்டது. பூவலிங்கம் வேட்டியை இறக்கிவிட்டார். ஏமாந்துபோனதாகத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. பரீட்சைக்குப் பிந்திப்போய், வாசல்கதவு சாத்திவிட்டதைப் பார்த்த பையனுக்கு வருமே ஓர் ஆறுதல், அதுதான் வந்தது.

கீழே இறங்கி ஊசியைத் தூக்கிவிட்டு, பிளேடால் தாளின் ஓரத்தைக் கீறி, கரியில் விரல் படாமல் உரித்து, விளக்குப் பக்கம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியை எடுத்தார். இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. நேற்றுப் பகலில் கல்குவாரி வெடி இரண்டு. சாயங்காலம் காற்று. பிறகு கடல், சன்னமாய், ஓயாமல், ராத்திரி முழுக்க. கண்ணாடி கோடு கோடாக நகர்ந்தது. நாலு மணி, ஒன்றுமில்லை. ஐந்து மணி, ஒன்றுமில்லை. ஐந்து நாற்பத்தொன்றில் கை நின்றது. புடைப்பு. கண்ணாடியைக் கிட்டே இறக்கினார். ஆனால் அடுத்த கணமே தெரிந்துவிட்டது, முதல் அலையும் இல்லை, இரண்டாம் அலையும் இல்லை, ஒரே அடி. மனித அசைவு. மூன்று நொடி விட்டு இன்னொன்று. மூன்று நொடி விட்டு இன்னொன்று. யாரடா இது, விடியற்காலையில்? மரியசூசை சாரைக் கூட்டிவர நேற்றே கீழே போய்விட்டான். அணைக் காவல்காரர்கள் எதிர்க்கரையில், இரண்டு மைலுக்கு அப்பால். நாலாவது, ஐந்து நொடி கழித்து. ஐந்தாவது, எட்டு நொடி கழித்து, கொஞ்சம் சரிந்தாற்போல், ஒரு கால் முன்னால் விழுந்த மாதிரி. ஆறாவதுக்கு முன்னால் பன்னிரண்டு நொடி. பன்னிரண்டு நொடி ஒருத்தர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். கனத்த உடம்பு. வலது முட்டி சரியில்லாத உடம்பு. ஏழாவதுக்கு முன்னால் பதினெட்டு நொடி. அந்தப் பதினெட்டு நொடியும் கோடு நேராக, கடல் மட்டும் சிலிர்க்க, போய்க்கொண்டே இருந்தது, போதும் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களோ என்று நினைக்கிற அளவுக்கு. பிறகு விழுந்தது ஏழாவது குதி. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். பூவலிங்கம் கண்ணாடியைக் கீழே வைத்தார். காலையில் அவர் போர்வைக்குள் இருந்தபோது ஆவுடை வெளியிலிருந்து வந்து தண்ணீர்ப் பானையைத் திறந்து இரண்டு செம்பு மடக்மடக்கென்று குடித்தாள், சேலைக் கொசுவமெல்லாம் நெருஞ்சி முள், 'என்ன இப்படி இரைக்கி?' என்றதற்கு, 'ஒண்ணுமில்ல, ஒறங்குங்க' என்றாள். பாம்புப் பொந்து என்று பதினாலு வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள் இருட்டில் முள்வேலியை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முதல் அலை, இரண்டாம் அலை, எந்த எழவும் தெரியாமல், ஒன்று போதாதோ என்று இன்னொன்று, அதுவும் போதாதோ என்று இன்னொன்று. அட்டைக்கடியில இருந்து விமோசனம் என்று சுளகைப் புடைத்தாளே, அப்போது அந்தக் கை எப்படி இருந்தது என்று அவர் பார்த்தாரா? பார்க்கவில்லை. கடிதம் வாசித்து முடித்த நிமிஷத்திலிருந்து அவள் முகத்தையே பார்க்கவில்லை. மலை முனகுகிறதைக் கேட்கப் பதினேழு படி இறங்கி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை, ஊசியைத்தான் தூக்கிவைத்தாயிற்றே, பாறை அறை அதிரச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கரி முகமெல்லாம் ஆகிவிட்டது.

புதுத் தாளைக் கட்டினார், விளக்கைக் காட்டிக் கரி ஏற்றினார், ஊசியை இறக்கினார். பழைய தாளை வார்னிஷில் முக்கிக் கொடியில் தொங்கவிட்டார், கரி இனிமேல் கலையாது, அந்த ஏழும் எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதினார்: '5.41. மனித அசைவு, ஏழு. கணக்கில் சேராது. ஆண்டு மொத்தம் 11.' பதினேழு படியும் ஏறி, நெருஞ்சியை மிதித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

ஆவுடைத்தாய் அடுப்புக்கு முன்னால் வலது காலை நீட்டி உட்கார்ந்து தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

'என்னது, மூஞ்சியெல்லாம் கரி? கூத்துக்கு வேசங் கட்டப் போறியளா?'

'அடுப்புல வேலபாக்கது நீ. கரி என் மூஞ்சியில.'

'ஆமா, வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.' தோசையைத் திருப்பினாள். அது சரியாக வேகவில்லை, கிழிந்தது. அவரைப் பார்க்காமல், சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். 'எத்தனன்னு முடிஞ்சிது?'

இந்தக் கேள்வியை அவள் பதினாலு வருஷத்தில் கேட்டதில்லை.

'பதினொண்ணு.'

'பதினொண்ணா?'

'பதினொண்ணுதான்.'

'நல்லா எண்ணிப் பாத்தியளா?' என்றாள். 'காலம்பற ஒண்ணும் வரலியா?'

பூவலிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார். 'வந்துச்சு. ஒண்ணில்ல, ஏழு. ஆனா அது பூமி இல்ல.'

ஆவுடைத்தாய் சட்டியில் எண்ணெய் விட்டாள். தேவைக்கு மேலேயே விட்டாள்.

'பன்னியா இருக்கும்' என்றாள்.

'பன்னியேதான். வலது முட்டி சரியில்லாத பன்னி. பாவம், ஏழாவதுல உசிரக் குடுத்துக் குதிச்சிருக்கு. தைலம் இருந்தா அதுக்குக் கொஞ்சம் தேச்சு விடணும்.'

தோசைக் கரண்டி அவர் தலைக்கு மேலே ஓங்கியது, அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று சொல்வதற்கு அன்றைக்கு விறகு நன்றாகக் காய்ந்து, புகையே இல்லை.

'ஒங்களுக்காகத்தான்' என்றாள். 'அந்தக் குழியில போயி இருக்காட்டா ஒங்களுக்குச் சோறு எறங்காதுல்லா.'

'எனக்காக மட்டுமா?'

ஆவுடைத்தாய் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள். வெளியே மலைச் சரிவில், முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் கியரை மாற்றுகிற சத்தம் கேட்டது. பூவலிங்கம் கிழிந்த தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

'மெஷினைக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோகட்டும். நான் எழுதிக் குடுத்திரப்போறேன், இன்னைக்கே சார் கையில. மலையடியில மரியசூச மாமன் வீடு ஒண்ணு சும்மா கெடக்காம்.'

கரண்டி நின்றது. 'ஓட்டு வீடா?'

'ஓடுதான்.'

'ஒழுகுமோ?'

'மழைக்கு உள்ளாற குடை பிடிக்கணும்னாங்க.'

'அட்டை?'

'பக்கத்துலயே ஓடை. பெறவு கேக்கணுமா?'

'தரித்திரம்' என்றாள் ஆவுடைத்தாய். 'துணி காயாது. இதுக்கு நான் பெரம்பூர்ல போயி நிம்மதியா இருப்பேன்.' சொல்லிக்கொண்டே அவருக்கு இரண்டாவது தோசையை வைத்தாள், இது வட்டமாக, முறுகலாக வந்திருந்தது. கையை ஊன்றி எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, சன்னல் வழியாக ஜீப் வருகிற பாதையைப் பார்த்தாள்.

'ஆபீசரச் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்க, மாவு இருக்கு' என்றாள். 'அந்த மரியசூசகிட்டயும் ஒரு வார்த்த சொல்லுங்க. போகும்போது நம்ம முருங்கையில ரெண்டு நல்ல கம்பா வெட்டி ஜீப்புல போட்டுக்கிட்டுப் போகட்டும். நாம போயி எறங்குததுக்கு முந்தி அங்கன ஊனிவைக்கட்டும். வேர் பிடிக்க நாளாகும்லா.'